அரசாணிக் கொடியில் ஆம்பளைப் பூ

அதைச் சித்தெ நிறுத்து அம்முணி. அந்தப் போனைத்தான் சொல்றேன். அதுல ஒரு பொண்ணு பஜ்ஜி போடறாளே, அவ கையில மஞ்சளா ஒண்ணு வச்சிருக்கறா பாரு, அது ஆம்பளைப் பூ. எப்படித் தெரியும்னு கேளு. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். தாராபுரம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், இந்த டிரைவர் ஓட்டற லட்சணத்துக்கு ரெண்டு மணி நேரம். நீ பழனி வரைக்குமா? கல்யாணம் ஆயிருச்சா? ஆகலையா? அப்ப நீ கண்டிப்பாக் கேக்கோணும்.

அந்தப் பூவோட காயை எங்க பக்கம் அரசாணிக்காய்ங்கறது. உன்னைப் பாத்தா மெட்ராஸ்காரியாட்டம் இருக்குது. உங்கூர்ல மஞ்சப் பூசணி, பரங்கிக்காய்னு என்னமோ சொல்லுவீங்க. அதேதான்.

எம் பேரு மயிலாத்தாள். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருபத்திரண்டு வருஷம் செக்கிங். ஒரு தையல் தப்பியிருந்தாப் போதும், பத்தடிக்கு அக்கட்டால இருந்தே சொல்லிப்போடுவேன். சூப்பர்வைசரே எங்கிட்டக் கொண்டு வந்து காட்டிட்டுத்தான் அக்கட்டப் போவான். அப்படிக் கண்ணு எனக்கு. எதுவும் தப்பாது.

ஊட்டுக்காரர் இருக்கறாரான்னு கேப்ப. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. இருந்தான் ஒருத்தன், வெள்ளியங்கிரின்னு. மத்தியானம் வரைக்கும் தூங்குவான். எந்திரிச்சு அரைமணி நேரம் கண்ணாடிக்கு முன்னாடி தலை சீவுவான். சீவி முடிச்சு எங்க போறான்னு பாத்தா, தெருமுனைக்கு. அங்க போய் நிப்பான். அதுதான் வேலை. ஒரு நாள் ஷிப்டு முடிஞ்சு வந்து, பைப்புல தண்ணி வருது, ரெண்டு கொடம் புடிச்சு வைக்கறதுதானேன்னேன். "நான் ஆம்பளை"ன்னான். செரின்னு துணியெல்லாம் மடிச்சு ஒரு பையில போட்டு வாசல்ல வச்சேன். சீப்பையும் மறக்காம வச்சேன். இருபத்தி நாலு வருஷமாச்சு. மக சுகன்யாவைப் படிக்க வச்சு, தாராபுரத்துல கட்டிக் குடுத்து, ஒரு ஊட்டையும் கட்டிப்போட்டேன். ஒரு ஆம்பளை கிட்டப் போய் இதைப் புடிங்க, அதைத் தூக்குங்கன்னு நின்னதில்லை. கேஸ் சிலிண்டரை நானே உருட்டிக்குவேன்.

செரி, விசயத்துக்கு வாரேன்.

போன ஆடியில எங்கூட்டுப் பொடக்காணியில ஒரு கொடி மொளைச்சுச்சு. பொடக்காணின்னா ஊட்டுக்குப் பின்னாடி, துணி துவைக்கற எடம். நான் வெதைக்கலை. காயை அரிஞ்சுட்டு வெதையை அங்க வழிச்சு எறிஞ்சிருப்பேன். ஒரு மாசத்துல துணிக்கல்லை மூடி, செவுத்துல ஏறி, நெம்ப ஆங்காரமாப் படர்ந்துச்சு. பூவுன்னா பூவு, அப்படிப் பூவு. வெடியால ஆறு மணிக்குப் போய் நின்னா மஞ்சமஞ்சேர்னு கண்ணைக் குத்தும்.

நான் போட்டோ புடிச்சு சுகன்யாவுக்கு அனுப்பினேன். அவ திருப்பி ஒரு வீடியோ அனுப்பறா. அதுல ஒரு பையன் சொல்றான், நீளமான காம்புல ஒத்தையா நிமிந்து நிக்கறது ஆண் பூ, அதுல காய் வராது. பூவுக்கு அடியிலயே எலந்தக்கா சைசுல குண்டா ஒரு பிஞ்சு இருந்தா அது பெண் பூ. அதான் காய்க்கும்னு. அதோட எனக்குப் புரிஞ்சு போச்சு, மீதி வீடியோவைப் பாக்கலை.

போய்க் கொடியைப் பாக்கறேன். அம்புட்டும் ஆம்பளை! மஞ்சச் சட்டையைப் போட்டுக்கிட்டு, கழுத்தை நீட்டிக்கிட்டு, தலையைச் சீவிக்கிட்டு நிக்கறானுக. அடியில குனிஞ்சு பாத்தா ஒண்ணுமில்லை. வெறுங்காம்பு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். நான் தெனமும் மூணு கொடம் தண்ணி ஊத்துவேன், சாணி கரைச்சு ஊத்துவேன், இவனுக தின்னுப்போட்டுத் தெருமுனையில நிப்பானுகளா?

கிள்ளினேன். ஒண்ணு விடலை. இது வெள்ளியங்கிரி, இது அவங்கண்ணன், இது வட்டமடிச்சுக்கிட்டே இருந்த அந்தப் பழைய சூப்பர்வைசர்னு பேரு சொல்லிச் சொல்லிக் கிள்ளினேன். கடுகுத்தண்டி மொட்டைக்கூட விடலை. கடலைமாவுல முக்கி பஜ்ஜி போட்டேன், பருப்புல போட்டுக் கூட்டு வச்சேன். நெம்ப ருசி. அதுல மட்டும் ஆம்பளைகளைக் கொறை சொல்ல முடியாது.

பத்துப் பதினஞ்சு நாள்ல பொம்பளைப் பூ வந்துச்சு. அடடா, அது அழகு வேற. பூக்கறதுக்கு முந்தியே வயித்துல ஒரு உருண்டையோட நிக்குது. பாத்தியா, வேலைக்காரி, வர்றபோதே வேலையோட வர்றான்னு கொஞ்சினேன். நாலாம் நாள் அந்தப் பிஞ்சு வெளிறிப் போய்ப் பொத்துனு உழுந்துருச்சு. அடுத்தது, அதுவும் உழுந்துருச்சு. பதினோரு பிஞ்சு அம்முணி. எண்ணினேன், பதினோரு பிஞ்சு.

புளிச்ச மோரு தெளிச்சேன். மீன் கழுவின தண்ணி ஊத்தினேன். மொளகா சுத்தி அடுப்புல போட்டேன். தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் ஒடைச்சுக் காய் நிக்கோணும்னு கேட்டேன். ஒடைச்சுப்போட்டு அப்பறந்தான் யோசிச்சேன், அவரே கட்டாத ஆளு, அவருகிட்டப் போய் இந்தச் சமாச்சாரத்தைக் கேட்டா அவரு என்ன பண்ணுவாரு, பாவம்.

அப்ப எனக்கு நெனப்பெல்லாம் பக்கத்து ஊட்டு மேல. திருமூர்த்தின்னு ஒருத்தரு. கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு கண்ணுதான் பட்டுருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் ஆறு வருஷமாப் பேச்சு இல்லை. அவரு ஊட்டு முருங்கைமரம் செவுத்துக்கு மேல எம்பக்கம் சாஞ்சிருந்துச்சு. கம்பளிப்பூச்சி, அப்படியே கொத்துக் கொத்தா எந் துணி மேல உழுகும். நான் நாலு தடவை சொல்லிப் பாத்தேன். பாக்கலாமுங்க, பாக்கலாமுங்கம்பாரு. அப்பத்தான் அவரு பொஞ்சாதி தவறிப்போச்சு. கருமாதிக்கு எல்லாரும் உடுமலைப் பக்கம் அவிய ஊருக்குப் போயிருந்தாங்க. ஊட்டுல ஒருத்தரும் இல்லை. இதை விட்டா நேரம் அமையாதுன்னு ஆள் வச்சு மரத்தை அடியோட வெட்டிப்போட்டேன். என்ன அப்படிப் பாக்கற? முருங்கைமரந்தானே, பொசுக்குனு தழைஞ்சுக்கும். கம்பளிப்பூச்சி உன்ற கழுத்துல உழுந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

செரி. சுகன்யாவுக்குப் போன் போட்டு அழுதேன். அவ கேக்கறா, "ஆண் பூவெல்லாம் எங்கம்மா?"

"தின்னுட்டேன்."

"என்னது?"

"கிள்ளிக் கிள்ளித் தின்னுட்டேன். வெட்டியா நிக்கறதுக்குத் தண்ணி எதுக்கு?"

அவ சிரிக்கறா, சிரிக்கறா, போனை மாப்பிள்ளை கிட்டக் குடுத்து அவரும் சிரிக்கறாரு. "அம்மா, ஆண் பூவுல இருக்கற மஞ்சப் பொடி பெண் பூவுல படோணும். அப்பத்தான் காய் நிக்கும்."

"தேனீ வருதே?"

"தேனீ எதைத் தூக்கிட்டு வரும்? நீதான் எல்லாத்தையும் பஜ்ஜி போட்டுட்டியே!"

எனக்கு அது நம்பறாப்புலயே இல்லை. இதுக்கும் ஆம்பளை வேணுமான்னேன். வேணுங்கறா. ஒரே ஒரு நாளைக்குத்தானேன்னேன். ஒரு நாளைக்குன்னாலும் வேணும்மாங்கறா. செரின்னு கிள்ளறதை நிறுத்தினேன். அந்தக் கொடிக்கு வீம்பு. பத்து நாளா ஒரு ஆம்பளை மொட்டு வைக்கலை. பொம்பளையாப் பூத்துப் பூத்துக் கொட்டுது.

அப்பத்தான் செவுத்துக்கு மேல எட்டிப் பாத்தேன். லைன்மேன் ஊட்டுலயும் ஒரு அரசாணிக் கொடி! செவுத்தோரமா இருபது இருபத்தஞ்சு ஆம்பளை, வரிசையா, கட்சி மீட்டிங்குக்கு வந்தாப்புல நிக்கறானுக.

கேட்டிருக்கலாந்தான். ஆறு வருஷமாப் பேசாத ஆளுகிட்டப் போய், ஏனுங், உங்க ஆம்பளைப் பூவைக் குடுங்கன்னு எப்படி அம்முணி கேக்கறது? நீ கேப்பியா?

திருடினேன். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல ஏறி, கையை நீட்டி, வெடியால ஆறு மணிக்கு நாலு பூ. அதுக்கு மேல தாமசம் பண்ணினா வாடிரும். கொண்டு வந்து எதழையெல்லாம் உரிச்சுப்போட்டு, நடுவுல இருக்கற குச்சியை மட்டும் புடிச்சு, பொம்பளைப் பூவுக்குள்ள தடவி உட்டேன். கூச்சமாத்தான் இருந்துச்சு. மொத நாள் கண்ணை மூடிக்கிட்டேன். ஒன்பது நாள் இப்படி. மூணு காய் நின்னுருச்சு! எலுமிச்சங்காய் சைசு வந்துச்சு, மாங்காய் சைசு வந்துச்சு. எனக்குத் தரையில கால் பாவலை.

பத்தாம் நாள் செவுத்தோரமாப் பூ தீந்து போச்சு. எல்லாம் உள்ளே தள்ளி இருக்குது. ஸ்டூல்ல நின்னுக்கிட்டே செவுத்து மேல கவுந்தேன். எம்பி நாலு பூப் பறிச்சு முந்தாணியில கட்டினேன். அஞ்சாவதுக்கு எம்பினப்ப ஸ்டூலு வழுக்கிருச்சு. நான் அந்தப் பக்கம் தொப்புனு உழுந்தேன். அம்பத்தொம்பது வயசுல. அவரு கொடி மேலயே, அஞ்சாவது பூ கையில.

கதவைத் தொறந்து வாரார் மனுசன், வாயில பிரசோட. என்னைப் பாக்கறாரு. எங்கையைப் பாக்கறாரு. நொரையைத் துப்பிட்டு வந்து, "பூப் பறிக்க வந்தீங்களா?"ங்கறாரு. ஆறு வருஷம் கழிச்சு மொதப் பேச்சு.

"சாமிக்குங்க"ன்னேன்.

"அரசாணிப் பூ எந்தச் சாமிக்குங்க வைக்கறது?"

"பிள்ளையாருக்கு."

"முந்தாணியில இன்னும் நாலு இருக்குதுங்களே?"

"நாலு பிள்ளையார்."

அவரு சிரிக்கலை. "எலி கிள்ளுதுன்னு நெனச்சேன். எலியாயிருந்தாக் கடிச்ச தடம் இருக்கும். இது நகத்துல கிள்ளின தடம். என்ற கொடியிலயும் ஒரு காய் நிக்கமாட்டேங்குதுங்க. சாம்பல் போட்டேன், உரம் வச்சேன், ஒண்ணும் நிக்கலை"ன்னாரு.

நான் முந்தாணியை இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அவரு கொடியோட ஆம்பளைகளையும் நாந்தானே காலி பண்ணிட்டேன்.

கீழ குந்தி எங்காலைப் பாத்தாரு. வீங்கிப் போச்சு. பாத்துக்கிட்டே சொன்னாரு: "கருமாதி முடிச்சுட்டு வந்து பாத்தேன், மரம் இல்லை. அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை நானு. இன்னைக்கும் பேசப் போறதில்லை. காலை நீட்டுங்க."

சுருக்குனு இருந்துச்சு. காலுதான். காலு.

மொபெட்டுல பின்னாடி ஒக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. இருபத்தி நாலு வருஷத்துல ஒரு ஆம்பளை வண்டியில நான் ஒக்காந்ததில்லை. புடிக்கறதுக்கு எடமில்லாம சீட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டேன். போற வழியில, அந்தக் காத்துல, மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்லைங்கறதால எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். ஆம்பளைப் பூ, பொம்பளைப் பூ, பஜ்ஜி, திருட்டு எல்லாம். "ஓ"ன்னாரு. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா சீட்டு எழுதறா. "கூட வந்தவரு ஆருங்க, ஊட்டுக்காரரா?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவரு, "எதிரிங்க"ங்கறாரு.

"எதிரின்னு எழுத முடியாதுங்க. ஒறவு சொல்லுங்க."

"அப்ப பக்கத்து ஊடுன்னு எழுதிக்கங்க."

வலது கணுக்கால்ல எலும்புல கீறல். மாவுக்கட்டு, முப்பத்தஞ்சு நாளு. சுகன்யா ஓடி வந்தா. ரெண்டு நாள் இருந்துட்டு, பசங்களுக்குப் பரிச்சை, நீ கெளம்பி எங்கூட தாராபுரம் வாங்கறா. கொடியை ஆரு பாக்கறதுன்னேன். "கொடியையே கட்டிக்கோ"ன்னு போயிட்டா. எதுத்த ஊட்டுப் பொம்பளைக சோறு கொண்டாந்து குடுத்தாளுக. நான் பொடக்காணியில சேர் போட்டு, ஸ்டூல் மேல காலைத் தூக்கி வச்சு, பூக்கற பூவையும் உழுகற பிஞ்சையும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

மூணாம் நாள் வெடியால கேட்டு சத்தம். திருமூர்த்தி. கையில அஞ்சாறு ஆம்பளைப் பூ, கல்யாணத்துக்கு வந்தவராட்டம் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு.

"உங்க கொடிக்கு?"ன்னேன்.

"ரெண்டுக்கும் போதுமுங்க. எப்படின்னு சொல்லுங்க, செய்யறேன்."

அம்முணி, கரண்டு கம்பத்துல ஏறின மனுசன், அந்த ஆளுக்கு எது என்னன்னு தெரியலை. நான் சேர்ல இருந்து கத்தறேன்:

"அது பொம்பளைங்க! அடியில பாருங்க, அடியில!"

"எதுங்க?"

"அந்தக் குண்டு! வயிறு தெரியுதில்ல?"

"அப்ப இதுங்க?"

"அது ஆம்பளை! அவனைப் புடிச்சு உரிங்க! சட்டையைக் கிழிச்செறிங்க! உள்ள இருக்கறதை மட்டும் வச்சுக்குங்க. ஆங், இப்ப அவ மேல தடவுங்க. மெதுவா! மெதுவாங்கறனில்ல!"

திரும்பிப் பாத்தா, சந்துல பால்காரன் சைக்கிளை நிறுத்திட்டு நிக்கறான். குழாயடியில பொம்பளைக கொடம் நெம்பி வழியறது தெரியாம நிக்கறாளுக. அடுத்த நாள்ல இருந்து, ஏழு மணித் தண்ணிக்கு ஆறு மணிக்கே கூட்டம் வந்துருச்சு.

பேசினாங்க. பேசாம இருப்பாங்களா? "மயிலக்கா, லைன்மேன் தெனமும் வெடியால வர்றாராமே?"ன்னு ஒருத்தி. ஆமா, ஆம்பளைப் பூ கொண்டாறாருன்னேன். அதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரிச்சுச்சு. தாராபுரம் வரைக்கும் போயிருச்சு. சுகன்யா போன் பண்ணி, "அம்மா, நெசந்தானா?"ங்கறா. என்னடி நெசம்? ஏழு காய் நிக்குது, அது நெசம். அவருக்கு அஞ்சு. வேற என்ன வேணும் உனக்குன்னு வச்சுட்டேன். அவ கொரல்ல என்னமோ ஒரு சந்தோசம். எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை. அதைக் கேக்கத்தான் இப்பப் போறேன்.

வேலை முடிஞ்சதும் அவரே உள்ளே போய் டீ வைப்பாரு. நான் எந்திரிக்க முடியாதில்ல. என்ற அடுப்பை ஒரு ஆம்பளை பத்த வச்சது அதான் மொதத்தடவை. சக்கரை தூக்கலா இருக்கும். எனக்கு அரைச் சக்கரைதான் ஆகும். ஆனாச் சொல்லலை. பாவம், வச்சுக் குடுக்கறாரில்ல.

ஒரு நாள் டீயைக் குடிச்சுட்டு ஒக்காந்திருந்தோம். நானா ஆரம்பிச்சேன். "அந்த மரம்..."

"தழைஞ்சிருச்சுங்க. வருசா வருசம் நறுக்கிப்போடுவேன், இந்த வருசம் அப்படியே உட்டிருக்கறேனுங்க. இந்தத் தைக்குச் செவுத்துக்கு மேல வந்துரும்"னாரு.

"கம்பளிப்பூச்சி வருங்களா?"

"வரும்."

"வரட்டும்"னேன்.

அவரு டம்ளரைக் கழுவறேன்னு உள்ள போனாரு. நெம்ப நேரமாக் கழுவினாரு. ரெண்டு டம்ளருக்கு அத்தனை நேரமா?

போன மாசம் கட்டுப் பிரிச்சாச்சு. மொபெட்டுல அவருதான் கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் என்னை நடக்க உட்டுப் பாத்துட்டு, "நல்லாக் கூடிருச்சும்மா, தாராளமா நடங்க, எல்லா வேலையும் செய்யுங்க"ன்னாரு. இவரு பக்கத்துலதான் நின்னாரு. ஆனா காது கேட்டிருக்காதுன்னு நெனைக்கறேன். ஏன்னா வெளிய வந்ததும், "டாக்டர் இன்னும் ஒரு மாசம் காலை ஊனக்கூடாதுன்னுட்டாருங்க"ன்னு நான் சொன்னேன். "அப்படிங்களா, அப்ப ஒரு மாசம்"னாரு. பொய்யின்னு நெனைக்காத. கொடி ரெண்டாம் தடவை பூக்கற நேரம், ஒருத்தரு செஞ்சு பழகின வேலையை நடுவுல கை மாத்தினாக் கொடிக்கு ஆகாது. அதுக்காகத்தான்.

அடுத்த நாள் வெடியால நான் எந்திரிச்சு வாசல் தொளிச்சு, கொடிக்கு மூணு கொடம் தண்ணி ஊத்திட்டு நிக்கறேன், கேட்டு சத்தம் கேக்குது. ஓடிப் போய் சேர்ல ஒக்காந்து ஸ்டூல் மேல காலைத் தூக்கி வச்சேன். அவசரத்துல இடது காலைத் தூக்கி வச்சுட்டேன். அடிபட்டது வலது. அவரு எங்காலைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ஆம்பளைகளுக்கு எங்க அதெல்லாம் கவனம்?

நேரா கொடிக்குப் போனாரு. ஒரு பூவைப் புடிச்சுத் தூக்கிக் காட்டறாரு. அடியில பிஞ்சு, நெல்லிக்காய்த் தண்டி, தெருவுல போற குருடனுக்குக்கூடத் தெரியும். காட்டிட்டுக் கேக்கறாரு, "ஏனுங், இது ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

ஒரு மாசம் அம்முணி! ஒரு மாசமாத் தொண்டை கிழியச் சொல்லிக் குடுத்திருக்கறேன். இன்னும் அந்த மனுசனுக்கு வித்தியாசம் தெரியலை. அதுக்கப்பறம் தெனமும் இதே கேள்விதான். இன்னைக்கு வெடியாலகூடக் கேட்டாரு. சேர்ல இருந்து சொன்னா வெளங்கலைங்க, கிட்ட வந்து காட்டுங்கங்கறாரு. என்ன பண்றது? நடக்கக்கூடாத காலோட நாந்தான் எந்திரிச்சுப் போய், பக்கத்துல நின்னு, ஒவ்வொரு பூவாக் காட்டிக் குடுத்துட்டு வர வேண்டியதா இருக்குது.